பிறர் மடலைக் காக்கும் அறம்

ஒருவர் எழுதும் மடல் யாருக்கு உரியது? எழுதியவருக்கும் பெறுபவருக்கும் உரியது என்று எவரும் எளிதில் விடை கூறிவிடுவர். ஆயினும் அந்த விடை முழுமையானதன்று. மகளின் நோயைக் குறித்துத் தந்தை மருத்துவருக்கு எழுதுகின்றார். தொழிலாளியின் கடனைக் குறித்து மேலாளர் வங்கிக்கு எழுதுகின்றார். அந்த மகளும் தொழிலாளியும் மடலை எழுதவுமில்லை, பெறவுமில்லை. எனினும், மடல் வெளிப்பட்டால் துன்புறுபவர் அவர்களே. ஆகவே, மடலில் பேசப்படுபவருக்கும் அதில் உரிமை உண்டு. இடையே சுமந்து செல்பவருக்கோ உரிமை ஏதுமில்லை. கடமை மட்டுமே உண்டு.

இந்தக் கடமை எத்தகையது? இயன்றபோது செய்து, இயலாதபோது விட்டுவிடத்தக்கதா? அல்லது எந்நிலையிலும் விடலாகாததா? இவ்வினாவைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று உலகெங்கும் நிறுவனங்கள் தம் மின்னஞ்சலைக் கட்டாயமாக மறையாக்கம் செய்து அனுப்ப வேண்டிய நிலை உருவாகி வருகின்றது. அது கணினி வல்லுநர்க்கு மட்டுமே உரிய செய்தி என்று நாம் ஒதுங்கிவிடுகின்றோம். ஆழ்ந்து நோக்கின், அதன் நடுவே நிற்பது ஓர் அறக்கேள்வி என்பது புலனாகும்.

தோட்டத்தில் ஒரு தூதர்

நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் எழுத்தறியாதோர் மிகுந்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதைப் படித்துக் காட்டவும் மறுமொழி எழுதித் தரவும் ஒருவர் தேவைப்பட்டார். பல தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே அப்பணியைச் செய்தார். தங்கையின் திருமணம் நின்றுபோன செய்தியும், அடகில் மூழ்கிய நிலத்தின் செய்தியும், தாய் இறந்த செய்தியும் முதலில் அவர் கண்ணில் பட்டன. பிறகே உரியவர் செவியை எட்டின.

அந்த ஆசிரியருக்கு எந்தச் சட்டமும் கட்டளை இடவில்லை. அவர் நினைத்திருந்தால் ஒரு மாலைப் பொழுதில் தோட்டம் முழுவதற்கும் அச்செய்தியைப் பரப்பியிருக்கலாம். நல்லாசிரியர் அவ்வாறு செய்யவில்லை. தாம் படித்ததைப் படித்த இடத்திலேயே மறந்தார். நாவே அவர் கையாண்ட பூட்டு. திருக்குறளில் தூதுவனின் இலக்கணத்திற்கு ஓர் அதிகாரமும் ஒற்றனின் இலக்கணத்திற்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே உள்ளன. இருவரும் செய்தியையே கையாளுகின்றனர். ஆயினும் இருவர் தொழிலும் வேறு. தூதுவனாக நம்பப்பட்டவன் ஒற்றனாக மாறுவதே நம்பிக்கைக் கேடு. தன்னிடம் நம்பிக் கொடுக்கப்பட்டதை ஒற்றன் பார்க்குமாறு வழியில் திறந்து வைப்பதும் அதற்குச் சற்றே குறைந்த கேடுதான்.

உறையின் வரலாறு

மடலை உறையிலிட்டு ஒட்டுவது மிகப் பழைய வழக்கம். ஒட்டிய உறையைப் பிரிப்பது இழிவு என்னும் உணர்வும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. 1844-இல் இலண்டனில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். இத்தாலி நாட்டு விடுதலை வீரரான ஜூசெப்பே மாட்சினி அப்போது இலண்டனில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தார். தமக்கு வரும் கடிதங்கள் பிரிக்கப்படுவதாக ஐயுற்றார். விதைகளையும் மயிரிழைகளையும் உறைக்குள் இட்டு அனுப்பச் செய்து சோதித்தார். அவை காணாமற் போயிருந்தமையால் ஐயம் உறுதியாயிற்று. உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாமின் ஆணைப்படியே கடிதங்கள் பிரிக்கப்பட்டன என்பது வெளிப்பட்டதும் நாடாளுமன்றமும் நாடும் கொதித்தெழுந்தன. அறிஞர் தாமஸ் கார்லைல் செய்தித்தாளுக்கே மடல் எழுதிக் கண்டித்தார்.

இதற்கு மாறாக, 1869-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆஸ்திரியா-ஹங்கேரியில் அஞ்சலட்டை முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதற்கு உறையில்லை, விலை மலிவு, வழியில் யாரும் படிக்கலாம். எழுதுவோரும் அதனை அறிந்தே எழுதினர். நலம் விசாரிக்க அட்டை, மறைபொருள் பேச உறை என்று எளிய மக்களும் பிரித்துணர்ந்திருந்தனர். இங்கே ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அட்டையில் எழுதுபவர் தாம் அட்டையில் எழுதுகின்றோம் என்பதை அறிவார். அறிந்து செய்வதால் அதில் வஞ்சனை இல்லை.

மின்னஞ்சலில் நேர்ந்ததோ வேறு.

உறை என்று நம்பிய அட்டை

ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு மின்னஞ்சல் செல்லும்போது, இரு பக்கத்திலும் அஞ்சல் வழங்கி எனப்படும் கணினிகள் நின்று பணியாற்றுகின்றன. இவற்றை அலுவலகங்களில் சர்வர் என்றே வழங்குவர். அவை தம்முள் பேசிக்கொள்ளும் முறையை ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் 1982-இல் வகுத்து வெளியிட்டார். அன்றைய வலையமைப்பு சிறியது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் அரசு நிலையங்களுமே அதில் இணைந்திருந்தன. எனவே, அம்முறையில் பூட்டு என ஒன்று அமையவில்லை. மடலின் ஒவ்வோர் எழுத்தும் கம்பியின் வழியே திறந்தபடியே சென்றது.

மக்களோ கடவுச்சொல் கொடுத்துத் தம் அஞ்சற்பெட்டியைத் திறந்தமையால், மடலும் பூட்டப்பட்டே செல்வதாக எண்ணினர். சம்பளப் பட்டியலையும் அடையாள அட்டை எண்ணையும் மருத்துவ அறிக்கையையும் அதில் அனுப்பினர். உறை என்று நம்பி அட்டையில் எழுதினர். அறியாமல் நேர்ந்ததால் இஃது அஞ்சலட்டையினும் தீங்கு மிக்கதாயிற்று.

இக்குறையைப் போக்க 1999-இல் ஒரு வழி வகுக்கப்பட்டு, 2002-இல் திருத்தப்பட்டது. 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' என்பது அதன் பெயர். அனுப்பும் வழங்கி முதலில் வணக்கம் கூறுகின்றது. பெறும் வழங்கி, தன்னால் செய்ய இயல்வனவற்றை வரிசையாகக் கூறுகின்றது. அவற்றுள் 'மறையாக்கம் எனக்குத் தெரியும்' என்னும் வரி இருப்பின், இரண்டும் தம் உரையாடலைப் பூட்டிக்கொள்கின்றன. அவ்வரி இல்லையெனின், முன்போலவே திறந்தபடி மடல் செல்கின்றது. பழைய வழங்கிகளுக்கும் மடல் போய்ச் சேர வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் அமைந்த ஏற்பாடு இது. வாய்ப்பிருந்தால் பூட்டுவது, இல்லாவிடில் விடுவது என்பதே அதன் இயல்பு.

அந்த நல்லெண்ணத்திலேயே ஓட்டை ஒன்று விழுந்தது. இரு வழங்கிகளுக்கும் இடையே நிற்கும் ஒருவன், 'மறையாக்கம் எனக்குத் தெரியும்' என்னும் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டால் போதும். 'பாவம், இவ்வழங்கி பழையது போலும்' என்று கருதி, அனுப்பும் வழங்கி மடலைத் திறந்தே கொடுத்துவிடும். பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. பூட்டு இல்லை என்று பொய் சொன்னால் போதும். இது வெறுங் கற்பனையன்று. 2015-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம், கூகுள் முதலியவற்றின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், துனீசியாவிலிருந்து ஜிமெயிலுக்கு வந்த அஞ்சல்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இவ்வாறு இடைவழியில் பூட்டு நீக்கப்பட்டு வந்தமை காட்டப்பட்டது. எழுதியவருக்கும் தெரியவில்லை, பெற்றவருக்கும் தெரியவில்லை.

நிபந்தனைக் கடமை

இவ்விடத்தில்தான் அறக்கேள்வி எழுகின்றது. 'எதிரே இருப்பவர் ஒத்துழைத்தால் காப்பேன்; இல்லையேல் காவேன்; காவாமல் விட்டதை உரியவரிடம் சொல்லவும் மாட்டேன்' என்பது ஒரு வாக்குறுதியாகுமா? நண்பர் ஒருவர் நம்மிடம் மறைபொருள் ஒன்றை ஒப்படைக்கின்றார். 'வசதிப்பட்டால் காப்பாற்றுகின்றேன்' என்று நாம் கூறினால் அவர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்வார் அல்லவா? ஆனால், அவ்வாறு கூறாமலே அவ்வாறு நடந்துகொண்டால் அவருக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போகின்றது. ஓசையின்றி விட்டுக்கொடுக்கப்படும் கடமை கடமையன்று. அது கடமையின் வேடம்.

இக்குறையை உணர்ந்த நாடுகளுள் டென்மார்க்கும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுக் காப்புச் சட்டம் 2018-ஆம் ஆண்டு மே 25-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 32-ஆம் பிரிவு, தக்க பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டாக மறையாக்கத்தைக் குறிப்பிடுகின்றது. அதனை அடியொற்றி, டென்மார்க்கின் தரவுக் காப்பு ஆணையம், தனியார் நிறுவனங்கள் மறைக்கத்தக்க தனிமனிதச் செய்திகளை இணையத்தின் வழியே மின்னஞ்சலில் அனுப்பும்போது மறையாக்கம் செய்தே அனுப்புதல் வேண்டும் என்று 2018-இல் அறிவித்து, 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு அதனை நடைமுறைப்படுத்தியது. அந்நாட்டு நிறுவனங்கள் சில திங்களுக்குள் தம் வழங்கிகளை ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது. வாய்ப்பிருந்தால் பூட்டுவது என்னும் நிலையை விட்டு, பூட்ட இயலாவிடில் அனுப்புவதில்லை என்னும் நிலைக்கு மாற வேண்டியிருந்தது.

நம் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிமனிதத் தரவுக் காப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் காப்பு விதிகள் 2014-ஆம் ஆண்டு சூலை 2-இல் நடைமுறைக்கு வந்தன. பிறர் தரவைக் கையாளுவோர் தக்க பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ளல் வேண்டும் என்பதே இரண்டின் உட்கருத்தும் ஆகும். மலேசியச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டபோது, தண்டத்தின் உச்சவரம்பு 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

அச்சத்தால் செய்வதும் அறமா?

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். தண்டத்திற்கு அஞ்சி ஒரு நிறுவனம் தன் மடல்களைப் பூட்டினால் அதனை அறம் என்று எவ்வாறு கூறுவது? ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் ஒரு கடைக்காரரை எடுத்துக்காட்டுகின்றார். குழந்தை வந்து கேட்டாலும் அவர் சரியான விலைக்கே பொருள் கொடுக்கின்றார். வாணிகம் கெடாதிருக்க அவ்வாறு செய்தால், அச்செயல் கடமைக்கு ஒத்ததே தவிரக் கடமை உணர்வால் விளைந்ததன்று என்பது அவர் கருத்து.

கான்ட் கூறுவது உண்மையே. கடைக்காரரின் உள்ளத்தை அளப்பதற்கு அஃது ஏற்ற அளவுகோல். ஆனால், கடைக்கு வந்த குழந்தையின் பக்கம் நின்று சற்றே நோக்குவோம். கடைக்காரர் தூயவராகும் வரையில் குழந்தை ஏமாற வேண்டுமா? முடிவெடுப்பவர் ஒருவராகவும் துன்புறுபவர் மற்றொருவராகவும் இருக்கும் இடத்தில், எல்லாவற்றையும் முடிவெடுப்பவரின் நல்லெண்ணத்திற்கே விட்டுவிடுதல் நீதியாகாது. மடலில் பேசப்படுபவர் அந்த அறையில் இல்லை. அவருக்காகப் பேச அங்கே எவருமில்லை. அங்கு இல்லாதவரின் குரலாக ஒலிப்பதே சட்டம். ஆகவே, சட்டம் அறத்தின் இடத்தைப் பறித்துக்கொள்வதில்லை. அறம் பிறக்கும் வரையில் அவ்விடத்தைக் காத்து நிற்கின்றது.

ஒரு சிற்றூர் மருத்துவமனை

மற்றொரு தடை இதனினும் வலியது. பூட்ட இயலாவிடில் அனுப்பாதே என்று விதித்தால், எளியவரின் மடல் நின்றுபோகாதா? நான் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தந்தது.

என் தமக்கையின் மகன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பணியாற்றுகின்றான். ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர், மறையாக்கம் இல்லாத அஞ்சலை இனி ஏற்பதில்லை என்று நாள் குறித்து அறிவித்தார். நிருவாகம் எல்லா அஞ்சலையும் அம்முறைக்கு மாற்றுமாறு இவனைப் பணித்தது. இவன் முதலில் அஞ்சல் அனுப்பும் கருவிகள் யாவை என்று கணக்கெடுத்தான். வழங்கி மட்டுமன்று, படிகளை எடுக்கும் இயந்திரமும் சம்பளக் கணக்கு நிரலும்கூடத் தாமே மடல் அனுப்புவதைக் கண்டான். காலாவதியான சான்றிதழ்களைப் புதுப்பித்தான். 2021-இல் கைவிடத்தக்கவை என்று அறிவிக்கப்பட்ட பழைய மறையாக்க வகைகளை நீக்கினான். பிறகு, எதையும் தடுக்காமல், பூட்டப்பட்டு வருவன எவை, திறந்து வருவன எவை என்று சில வாரங்கள் பதிவேட்டைப் படித்தான்.

திறந்து வந்தவை ஏழு இடங்களிலிருந்து என்பது தெரிந்தது. ஆறு நிறுவனங்கள் தொலைபேசியில் கூறியதும் திருத்திக்கொண்டன. ஏழாவது, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சிகிச்சை பெறும் ஒரு சிறு மருத்துவமனை. முதிய மருத்துவர் ஒருவர், எழுத்தர் ஒருவர், பழைய கணினி ஒன்று. அங்கிருந்து வந்தவையோ தொழிலாளரின் நோய் அறிக்கைகள். அவற்றைத் தடுத்தால் தொழிலாளரின் மருத்துவத் தொகை தடைப்படும். விட்டால் அவர்கள் நோய் ஊரறியச் செல்லக்கூடும்.

'அந்த ஓர் இடத்திற்கு மட்டும் விலக்களித்துவிடு. இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே' என்றனர் மேலோர். அன்றிரவு அவன் என்னிடம் கேட்டான்: "இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பதை நாம் எப்படி அறிவோம், மாமா? திறந்த கடிதத்தைப் படித்தவன் கையெழுத்து வைத்துவிட்டா போவான்?"

அவன் கேட்டது என்னைச் சிந்திக்க வைத்தது. களவு போன பொருள் இல்லாமற் போவதால் தெரியவரும். படிக்கப்பட்ட மடலோ இருந்தபடியே இருக்கும். எனவே, தீங்கு தெரியவில்லை என்பது தீங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. மேலும், ஏழு இடங்களுள் விலக்குக் கேட்கப்பட்ட ஒரே இடம், காப்பு மிகத் தேவையான இடமாக இருந்ததையும் எண்ணிப் பார்த்தேன். வாடிக்கையாளரின் விலைப்பட்டியல் பூட்டப்பட்டுச் செல்லும்; தொழிலாளியின் நோய் திறந்து செல்லும்! விலக்குகள் பெரும்பாலும் வலியவர்க்கு அளிக்கப்படுபவை என்று நினைக்கின்றோம். மெலியவர்மீது சுமத்தப்படும் விலக்குகளும் உண்டு.

அவன் செய்தது இதுதான். மருத்துவரை நேரில் சென்று கண்டான். மருத்துவமனையின் அஞ்சலை மறையாக்கம் செய்யவல்ல ஒரு சேவைக்கு மாற்றிக்கொள்ள உதவினான். அதற்கு மூன்று வாரங்கள் ஆயின. அம்மூன்று வாரங்களும் அறிக்கைகள் தாளில் எழுதப்பட்டு, உறையில் ஒட்டப்பட்டு, அலுவலகப் பணியாளரின் மோட்டார் சைக்கிளில் வந்தன. ஒரு தொழிலாளியின் தொகையும் தாமதமாகவில்லை. பிறகே விதியைக் கட்டாயமாக்கினான். விலக்குப் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை.

நிபந்தனையற்ற கடமை என்பது கல்மனம் அன்று என்பதை நான் அன்று உணர்ந்தேன். 'பூட்டு இல்லையா? உன் மடல் வேண்டாம்' என்று கதவைச் சாத்துவது எளிது. 'பூட்டு இல்லையா? போகட்டும்' என்று கண்ணை மூடிக்கொள்வதும் எளிது. இரண்டிலும் உழைப்பு இல்லை. எதிரே இருப்பவரும் கடமையைச் செய்ய வல்லவராகும்படி முன்கூட்டியே உழைப்பதே அரிது. ஆயத்தம் என்னும் சொல்லின் அறப்பொருள் அதுவே. முன்னேற்பாடின்றி விதிக்கப்படும் கண்டிப்பு கொடுமையாக முடியும். கண்டிப்பில் முடியாத முன்னேற்பாடு வீண் பேச்சாக முடியும்.

பூட்டு முடியும் இடம்

எல்லாம் செய்த பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. நான் மேலே கூறிய மறையாக்கம், ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கி வரையிலான வழியை மட்டுமே காக்கின்றது. வழங்கியை அடைந்ததும் மடல் திறக்கப்படுகின்றது. அவ்வழங்கியைப் பேணுபவர் விரும்பினால் அதனைப் படிக்கலாம். எழுதியவர் பூட்டிப் பெறுபவர் மட்டுமே திறக்கும் முறைகளும் உள்ளன. பில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட 'பி.ஜி.பி.' அவற்றுள் ஒன்று. எனினும், அங்கும் பெற்றவர் படித்துவிட்டு வாய்விட்டுச் சொன்னால் தடுக்கும் பூட்டு எதுவுமில்லை. கம்பிவழியைப் பூட்டலாம், பெட்டியைப் பூட்டலாம், மனிதரைப் பூட்ட இயலாது.

சட்டம் முடியும் அவ்விடத்தில் தோட்டத்து ஆசிரியர் மீண்டும் நம் முன் வந்து நிற்கின்றார். அவர் கையாண்ட பூட்டு இன்றும் தேவைப்படுகின்றது. மாணவரின் மதிப்பெண்ணும், குடும்பச் சூழலும், நலக்குறைவும் இன்று ஆசிரியரின் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்கின்றன. ஒரு விரலசைவில் அவற்றைப் பலருக்கும் அனுப்பிவிடலாம். அனுப்புமுன், 'இஃது யாருடைய மடல்? இங்கே இல்லாத எவருடைய வாழ்வு இதில் அடங்கியிருக்கின்றது?' என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போமாயின், எந்த ஆணையத்தின் அறிவிப்புக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொல் நம்முடையதன்று. அதனை வசதிப்படும்போது மட்டும் காப்போம் என்பது காவலாகாது. இதனை மாணவர்க்குக் கணினிப் பாடமாக மட்டுமன்றி ஒழுக்கப் பாடமாகவும் நாம் கற்பித்தல் வேண்டும். ஏனெனில், நாளைய வழங்கிகளைப் பேணப்போகும் கைகள் இன்று நம் வகுப்பறைகளில்தான் எழுதுகோல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.